காது வைக்க வேண்டிய இடம்

படகுத்தச்சரான பதியுதீன் ஓடாவி தம் ஆயுளில் எத்தனையோ படகுகளின் ஓட்டைகளை அடைத்திருக்கிறார். நன்றாக மிதக்கிற படகொன்றில் ஓட்டை போடச் சொல்லி அவரை அழைத்தது அந்தப் பங்குனி மாதத்தில்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம் அது. கச்சி முகம்மது முதலாளியிடம் மரத்தாலான இழுவைப் படகொன்று இருந்தது. எந்த நாட்டுக் கடலிலோ முப்பது வருடம் உழைத்து, திருகோணமலையில் கழித்துவிடப்பட்டு, மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த படகு. முகப்பில் ‘ரஹ்மத்’ என்று புதுப்பெயர் எழுதியிருந்தும் கரையிலுள்ளவர்கள் அதைப் ‘பழசு’ என்றே அழைத்தார்கள். அந்தப் பழசுக்குத்தான் இப்போது ஆழம் சொல்லும் பெட்டியொன்று வந்திருந்தது. படகின் அடிவயிற்றில் சாப்பாட்டுத் தட்டளவு பித்தளை முகமொன்றைப் பதிக்க வேண்டும். அது நீருக்குள் ஒரு சத்தத்தை விடும். சத்தம் கடலடியில் மோதித் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை அளந்து, சுக்கானறையில் இருக்கும் பெட்டி ஆறடிக்கு ஒரு பாகமாக இத்தனை பாகம் ஆழமென்று காகிதத்தில் கோடு கீறிக் காட்டும். படகுக்காரர்கள் அந்தப் பித்தளை முகத்துக்குக் காது என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"காது எண்டா தலையிலதானே இருக்கணும்? இவர் வயித்தில வைக்கச் சொல்றாரே!" என்றான் கோணாமலை. அவன் பழசின் தண்டையல். சுக்கானும் அவன் கையில், நான்கு ஆட்களின் உயிரும் அவன் கையில்.

"முட்டப்போறது வயிறுதானே, தண்டையல். அதுக்குத்தான் முதல்ல கேக்கவேணும்" என்றார் பெட்டியைப் பூட்ட வந்திருந்த கனகசூரியம். புளியந்தீவுக்காரரான அவர், யுத்த காலம் முழுவதும் திருகோணமலையில் இப்படியான கப்பற்பெட்டிகளோடு கிடந்தவர். பெட்டியின் குணம் அவருக்குத் தெரியும். பலகையின் குணம் தமக்குத் தெரியாதென்பதும் தெரியும். அதனால்தான் ஓடாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எதையும் பேசினார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான்: காதுக்குப் பகை நுரை. நுரையில் காற்றுக் குமிழிகள் உண்டு. சத்தம் குமிழியில் பட்டால் கடலடிக்குப் போகாமல் அங்கேயே கிறுகி வந்துவிடும். பெட்டியோ இல்லாத மேட்டை இருக்கிறதென்று சொல்லும். முன்னால் வைத்தால் படகின் மூக்குக் கிழிக்கிற நுரை. பின்னால் வைத்தால் சுழலும் விசிறியின் இரைச்சல். இடப்பக்கம் எந்திரத்தின் சுடுநீர் கொட்டும் குழாய். ஆகவே வலப்பக்கத்தில், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும் ஓர் இடத்தைத் தேட வேண்டும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியை ஓடாவி சொன்னார். முதல் நாளே சுண்ணாம்பைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பழசின் அடி முழுவதும் பூசினார். படகை வாவியில் இறக்கி, முகத்துவாரம் வரை முழு வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பக் கரையில் இழுத்தார்கள். நுரை உரசிய தடமெல்லாம் வரி வரியாக வெறும் பலகை தெரிந்தது. தண்ணீர் வழுக்கிப் போன இடத்தில் சுண்ணாம்பு பூசியபடியே இருந்தது.

வெள்ளை நின்ற இடம் இரண்டு. ஒன்று, முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கில், ஒரு தடுக்களவுக்குப் பளிச்சென்று நின்றது. மற்றையது அங்கிருந்து ஆறடி பின்னால், எந்திரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைக்கு அருகில். அங்கே சுண்ணாம்பு மெலிந்து, மங்கிப்போயிருந்தது.

கனகசூரியம் முதலாவது இடத்தில் உள்ளங்கையை வைத்தார். "இதுதான். இதவிட நல்ல இடம் கிடையாது."

அந்தச் சுண்ணாம்பின் கீழே இருந்தது பாறூக்கின் பலகை.

பாறூக் அவருடைய மருமகன். ஒரே மகள் ஹஸீனாவின் கணவன். இரண்டு வருடங்களுக்கு முன் வாடைக்காற்றில் தோணியோடு போனவன் திரும்பவில்லை. மையித்து என்று சொல்ல உடல் இல்லாமலே தொழுகை நடத்தினார்கள். எட்டாம் நாள் கடல் ஒரேயொரு பொருளை முகத்துவாரத்து மணலில் வைத்துவிட்டுப் போயிற்று: அவன் தோணியின் நாலடித் தேக்கம்பலகை. கடல் திருப்பித் தந்த பலகையை அடுப்பில் வைக்கக் கூடாது, கூரையில் ஏற்றக் கூடாது, ஓடுகிற இன்னொரு படகில் சேர்த்துவிட வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். முஸ்லிம், தமிழர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் அதைப் பேணினார்கள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவின் நாலு மாதமும் பத்து நாளும் ஹஸீனா அந்தப் பலகையைச் சுவரோரம் சாத்திவைத்து, அதற்கு முன்னால் இருந்தாள். சோற்றுப் பீங்கானை வைத்தால் வைத்தபடியே எடுக்க வேண்டியிருந்தது. இத்தா கழிந்ததும் ஓடாவி, பழசைப் பழுதுபார்க்கும் சாக்கில், பலகையை அதன் வலப்பக்கத்தில் பொருத்திக் குங்கிலியம் காய்ச்சி இறுக்கினார். மகளுக்கு மாத்திரம் சொன்னார். அன்றிலிருந்து பழசு திரும்பும் ஒவ்வொரு பின்னேரமும் ஹஸீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கரைக்குப் போய், தாழம்பற்றையோரம் நின்றுவிட்டு வருவாள். வந்ததும் பசிக்குது என்பாள்; உண்பாள். பழசு வராத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

புருஷனைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று ஓடாவி எண்ணிக்கொண்டார். மகளிடம் கேட்டதில்லை. கேட்டால் அழுவாளே என்ற பயம். அடக்கம் செய்த கபுறு இல்லாதவனுக்கு அந்தப் பலகைதான் கபுறு. அதன் நடுவில் தட்டளவு ஓட்டை போடுவதா?

"ஐயா, அந்தப் பலகை உளுத்தது" என்றார். "துளை தாங்காது. பின்னுக்குள்ள இடத்தில வைப்பம்."

கனகசூரியம் கொட்டாப்புளியை எடுத்துப் பலகையைத் தட்டினார். கோயில் மணிபோல் ஒலித்தது. அவர் ஓடாவியின் முகத்தைப் பார்த்தார்.

"சத்தம் நல்லாத்தானே இருக்கு?"

"மேலுக்குச் சத்தம் இரிக்கும். உள்ளுக்கு உளுப்பு. பூட்டிப்போட்டு நடுக்கடல்ல கழண்டா ஆர் பொறுப்பு?"

"பின்னுக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் கரைஞ்சிருக்கே..."

"கொஞ்சந்தானே" என்றார் ஓடாவி.

கனகசூரியம் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோணாமலை குறுக்கிட்டான்: "விடுங்க ஐயா. ஓடாவிக்காக்கா தட்டிப் பாக்காமலே பலகையின்ட நோவச் சொல்ற ஆள். அவர் சொன்னா எனக்குச் சரி."

பொய் சொல்லும்போது நம்பாதவன் எதிரில் நின்றால் மனிதனுக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. கோணாமலை நம்பிவிட்டான். எந்த வேலையையும் பிஸ்மி சொல்லித் தொடங்கும் ஓடாவிக்கு, அன்று துரப்பணத்தைப் பலகையில் ஊன்றியபோது அந்தச் சொல் வரவில்லை. ஆறடி பின்னால், சல்லடைக்கு அருகில், காது பொருந்தியது.

கோடை முழுவதும் கடல் எண்ணெய்போல் கிடந்தது. பெட்டி சொன்ன ஆழமும் கோணாமலை ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டுப் பார்த்த ஆழமும் ஒரு முழம்கூட வேறுபடவில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகு ஈயக்குண்டு வலைக்குப் பாரமாகப் போய்விட்டது. "பழசுக்குக் கிழட்டுக் கண், ஆனா குமர்ப்பிள்ளையின்ட காது" என்று கோணாமலை சந்தையிலே சொல்லிச் சிரித்தான். ஓடாவியின் நெஞ்சிலிருந்த முள் மெல்ல மெல்ல மழுங்கி மறைந்தது. மரமும் பிழைத்தது, மனிதரும் பிழைத்தார் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஐப்பசியில் வாடை திரும்பியது. முகத்துவாரத்தால் உள்ளே வரும்போது அலை பின்னாலிருந்து தூக்கி எறிய, பழசின் அடியில் நுரை திரண்டது. சல்லடையோரத்தில் அது சுழன்று தங்கியது. பெட்டி கத்தத் தொடங்கியது. மூன்று பாகத் தண்ணீரில் ஒரு பாகம் என்றது. முதல் நாள் கோணாமலை பதறிப்போய்ப் படகைத் திருப்பினான். இரண்டாம் நாள் வேகத்தைக் குறைத்தான். ஐந்தாம் நாள் சிரித்தான்.

நெல்வட்டைகளில் ஒரு கதை சொல்வார்கள். ஆட்காட்டிக் குருவியொன்று வட்டையின் நடுவே வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தது. அந்நியமான கால் எது மிதித்தாலும் கத்தும். காவல்காரன் எழுந்து பார்ப்பான், வேளாண்மை பிழைக்கும். உழவு தொடங்கியதும் ஒருவன், ஐயோ பாவம், கலப்பை பட்டுவிடுமே என்று இரங்கி, முட்டைகளை எடுத்து ஒற்றையடிப் பாதையோரம் வைத்தான். தாய்க்குருவியும் கூடவே போயிற்று. பாதையில் போகிறவர், வருகிறவர், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் அது ஓயாமல் கத்திற்று. காவல்காரன் தலையைத் தூக்குவதை நிறுத்தினான். யானை இறங்கிய அன்றும் குருவி கத்தத்தான் செய்தது. விடிந்ததும் ஊரே கூடிக் குருவியைப் பொய்க்காரி என்று ஏசிற்று. முட்டையை இடம் மாற்றியவனின் இரக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவனும் கூட்டத்தில்தான் நின்றான்.

கோணாமலை ஒருநாள் ஓடாவியின் பட்டறைக்கு வந்து, மரச்சீவல் குவியலில் குந்தினான்.

"காக்கா, உங்கட காதுக்குக் காய்ச்சல். காத்தடிச்சாப் பிதற்றுது."

"என்ன செல்லுது?"

"எல்லாத்தையும் மேடு எண்டுது. நேத்து என்ர தலைக்கு மேலயும் மண் எண்டு சொல்லியிருக்கும், நான் பெட்டிய மூடாட்டி." அவன் சிரித்தான். "கரையில ஏத்தி இடத்தக் கொஞ்சம் மாத்துவமா?"

ஓடாவி உளியைக் கீழே வைத்தார். இதோ, சொல்லிவிடலாம். தம்பி, நான் உளுத்தது எண்டு சொன்ன பலகை உளுக்கல்ல. சொல் தொண்டைவரை வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"இந்த மழைக்குள்ள எப்பிடிக் கரையில ஏத்திற? சேறு. மாரி கழியட்டும். தையில ஏத்தி நானே மாத்தித்தாறன்."

"மறுகாப் பாப்பம் எண்டுறீங்க" என்று கோணாமலை எழுந்தான். "சரி, நீங்க சொன்னாச் சரி. நாங்களும் அதின்ட குணத்தப் பழகிட்டம். கத்தினா நுரை, கத்தாட்டி ஆழம்."

சேறு என்பதும் மெய்தான். பாதி மெய்யைப் போல வசதியான பொய் உலகத்தில் இல்லை. அன்று பின்னேரம் மகளிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று ஓடாவி வீட்டுக்கு வந்தார். ஹஸீனா கரையிலிருந்து அப்போதுதான் வந்து, நனைந்த முக்காட்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். "பசிக்குது வாப்பா, வாங்க சாப்பிடுவம்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் சொல்ல முடியவில்லை.

கார்த்திகையில் மேற்கிலிருந்து வெள்ளம் வந்து வாவி நிரம்பியது. தண்ணீர் முகத்துவாரத்தைக் கிழித்துக்கொண்டு போனபோது, மணல் ஒரே கிழமையில் வடக்கேயிருந்து தெற்கே, படகுகள் வரும் வழியில் வந்து குந்திவிட்டது. மேலே பார்த்தால் அதே கலங்கல் தண்ணீர்தான்.

பழசு மோதியது பட்டப்பகலில், லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில். கரையிலிருந்தவர்கள் எல்லாரும் கண்டார்கள். மணலில் அடி தட்டி நின்றது. அடுத்த அலை பக்கவாட்டில் சாய்த்தது. அதற்கடுத்த அலைக்குப் படகு என்று ஒன்று இருக்கவில்லை. ஓடாவி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாலு பேர் நீந்திக் கரையேறிக் கிடந்தார்கள். கோணாமலை இல்லை.

நால்வரில் ஒருவனான முனாப் உப்புத்தண்ணீரைக் கக்கிக் கக்கிச் சொன்னான்: "பெட்டி ஒரு பாகம் எண்டு கீறிச்சு. நான் தண்டையல்ட சத்தம் போட்டன். அவர் சிரிச்சார். ‘நுரைடா, விடு’ எண்டார். அரைப் பாகம் எண்டு கீறிச்சு. ‘ஓடாவிக்காக்கா தையில மாத்தித்தருவார், அதுமட்டும் பிதற்றட்டும்’ எண்டார். அதான் கடைசி."

சுற்றி நின்றவர்கள் பெட்டியைச் சபித்தார்கள். வெள்ளைக்காரனின் வித்தை நம் கடலுக்கு ஒத்துவராது என்றார் ஒருவர். கனகசூரியம் நனைந்த மணலில் நின்றுகொண்டு ஓடாவியை ஒருமுறை பார்த்தார். அன்று கொட்டாப்புளியால் தட்டிவிட்டுப் பார்த்த அதே பார்வை. ஓடாவி கூட்டத்துக்குள் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் விடிய, ஹஸீனா கரையிலிருந்து வந்தாள். தோளில் ஒரு பலகை. ஓட்டையில்லாத, உளுக்காத, நாலடித் தேக்கம்பலகை. அதன் ஒரு மூலையில் எண்ணெய்ச் சுண்ணாம்பின் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. கோணாமலையைக் கடல் தரவில்லை. இதைத்தான் தந்தது, இரண்டாம் முறையாக.

அவள் அதை முற்றத்தில் கிடத்தினாள். ஓடாவி அதன் பக்கத்தில் இருந்துவிட்டார். சுண்ணாம்பு பூசிய நாளிலிருந்து மழை பிடித்த பின்னேரம் வரை எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னத்துக்கு வாப்பா?"

"ஒனக்காகத்தான் மகள். ஒரு ஓட்டை விழுந்தாலும் நீ தாங்கமாட்டாய் எண்டு... நீ அந்தியில போய் அவனப் பாத்திட்டு வந்தாத்தானே ஒனக்குச் சோறு எறங்கும்..."

ஹஸீனா அவரை வியப்போடு பார்த்தாள். "நான் பலகையப் பாக்கப் போகல்ல வாப்பா."

"பின்ன?"

"எறங்கிற ஆக்கள எண்ணப் போனன். அஞ்சு பேர் போனா அஞ்சு பேர் வரணும். அஞ்சும் வந்தா, இண்டைக்கு ஒரு வீட்டிலயும் என்னப் போல ஒருத்தி இருக்கமாட்டாள் எண்டு மனசு ஆறும். மறுகாத்தான் பசிக்கும்." அவள் குரல் உடைந்தது. "அவர்ர பலகை ஆழம் செல்லி அஞ்சு பேரக் காப்பாத்துமெண்டா, நானே உளி எடுத்துத் தந்திருப்பன். நீங்க என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்லியே, வாப்பா."

ஓடாவி அழவில்லை. அழுதால் அது தமக்காக அழுவதாகிவிடும் என்று தோன்றியது.

"அண்டைக்கு நான் எண்ணினன்" என்றாள் ஹஸீனா. "நாலுதான். இன்னொருக்கா எண்ணினன். நாலுதான்." பிறகு எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். "இது இனி நம்மட பலகை இல்ல. தண்டையல்ட பொஞ்சாதிக்குக் கடல் வேற ஒண்டும் குடுக்கல்ல. கொண்டு போய்க் குடுங்க. செல்ல வேண்டியதையும் செல்லிப்போட்டு வாங்க."

கோணாமலையின் மனைவி இலட்சுமி வடக்குக் கரையில், வாகரைப் பக்கத்திலிருந்து வந்த உறவினர்களுக்கு நடுவே இருந்தாள். இழவு கேட்க வந்தவர்களுக்கு வைத்த வெற்றிலைத் தட்டு வாசலில் கிடந்தது. பலகையோடு வந்த ஓடாவியைக் கண்டதும் அவள் எழுந்தாள்.

"வாங்க காக்கா. உங்கட பேர அவர் ஒருநாளும் சொல்லாம இருந்ததில்ல."

அந்த வரவேற்பைத் தாங்கிக்கொண்டு ஓடாவி உள்ளே போனார். பலகையைச் சுவரில் சாத்தினார். நின்றபடியே சொன்னார். உளுத்தது என்றது பொய் என்று சொன்னார். மாரி கழியட்டும் என்றது பாதிப் பொய் என்று சொன்னார். உறவினர்களில் ஒருவன் ஆத்திரத்தோடு எழுந்தான். இலட்சுமி கையசைத்து அவனை இருத்தினாள்.

"எந்த இடம்?" என்று கேட்டாள்.

அவருக்கு விளங்கவில்லை.

"காது வைக்கவேண்டிய இடம். காட்டுங்க."

வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்புச் செப்பை எடுத்து நீட்டினாள். ஓடாவி விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, பலகையின் நடுவில் வட்டமொன்று கீறினார். ஐம்பது வருடம் நூல் பிடிக்காமலே நேர்கோடு கீறிய கை. அந்த வட்டம் கோணிப்போயிற்று.

இலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாப்பாட்டுத் தட்டளவுதான். பிறகு கணவனுக்காக ஏற்றியிருந்த விளக்கை மூலையிலிருந்து எடுத்துவந்து அந்தப் பலகையின் முன்னால் வைத்தாள்.

"கிடக்கட்டும்" என்றாள். "மாரி கழிய ஆரும் தோணி கட்டினாக் குடுக்கிறன். வட்டத்த வெட்டிப்போட்டுத்தான் குடுப்பன்." திரும்பாமலே தொடர்ந்தாள்: "போயிட்டு வாங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல, காக்கா. போங்க."

ஓடாவி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அன்றுதான் காற்றுச் சற்றுத் தணிந்து தோணிகள் கடலுக்குப் போயிருந்தன. பின்னேர வெயிலில் அவை ஒவ்வொன்றாக முகத்துவாரத்தால் உள்ளே வந்துகொண்டிருந்தன. தாழம்பற்றையோரம் ஹஸீனா நின்றாள். அவர் போய் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, போகச் சொல்லவுமில்லை.

"எத்தனை பேர் போனது?" என்று கேட்டார்.

"ஒம்பது."

முதலாவது தோணி மணலில் ஏறியது. ஓடாவி எண்ணத் தொடங்கினார்.